அப்பா போடாத கையெழுத்து

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் பிளசன்டன் நண்பர்கள் அவரைப் பூங்காவில் மெல்ல நடந்த முதியவராக அறிவீர்கள். பிஜி உறவினர்கள் முன்னாள் அமைச்சராக அறிவீர்கள். இரண்டையும் சேர்த்து எழுத எனக்குத் தெம்பில்லை. முடிந்ததை எழுதுகிறேன்.

அப்பா பிஜித் தீவுகளில் லம்பாசாவுக்கு அருகே பிறந்தார். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன குடும்பம். தாத்தா சீக்கிரமே இறந்துவிட, பெரியப்பா பள்ளியை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டி அப்பாவைப் படிக்க வைத்தார். அப்பா ஆசிரியரானார். கரும்பு விவசாயிகளுக்காகப் பேசப் போனவர், தேர்தலில் வென்று நிலத்துறை அமைச்சரும் ஆனார்.

அப்போது குத்தகை முடிந்து பல குடும்பங்கள் வயலை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தன. அவர்களுக்குத் தர அரசிடம் இருந்த மாற்று நிலம் கொஞ்சமே. வரிசைப்படிதான் தருவது என்று அப்பா முடிவு செய்தார். பெரியப்பாவின் குத்தகையும் முடிந்தது. அவர் தன் தீவிலிருந்து கப்பலேறி, தலைநகர் சுவாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்லூரி மாணவியான நான் அருகில் இருந்தேன்.

"ஒரு கையெழுத்துதானடா. என் பேரை முன்னால போடு."

"ஒங்களுக்கு முன்னால இருக்கிறவங்க கூரை இல்லாம நிக்கிறாங்கண்ணா. அவங்ககிட்ட என்ன சொல்லுவேன்?"

"எங்க அண்ணன்னு சொல்லு."

அப்பா கையெழுத்துப் போடவில்லை. பெரியப்பா சாப்பிடாமலே கிளம்பினார். அதன்பின் பேச்சுவார்த்தை இல்லை.

சில மாதங்களில் ஆயுதம் ஏந்தியவர்கள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். அப்பாவை அடைத்து வைத்து, இளைத்த உடம்போடு வெளியே விட்டார்கள். மறுபடி தேர்தலில் நின்றார், தோற்றார். அம்மா இறந்தபின், நான் வேலை பார்க்கும் பிளசன்டனுக்கு அவரை அழைத்து வந்தேன்.

கடைசி நான்கு ஆண்டுகள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வேலைக்கு முன் கொண்டுபோய் விடுவேன். ஒருநாள் ஃப்ரீவே நெரிசலில், களைப்பில் வாய்தவறிக் கேட்டுவிட்டேன்: "அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தா இன்னிக்குப் பெரியப்பாவாவது நம்மகூடப் பேசிக்கிட்டு இருந்திருப்பார்லப்பா?"

அப்பா சொன்னார்: "செஞ்சது சரிதாம்மா. ஆனா அன்னிக்கு அண்ணன் சாப்பிடாம கிளம்பினப்ப பின்னாடியே வாசல் வரைக்கும் போயிருக்கணும். போகலை."

அவர் தன் பதவிக்காலத்தைப் பற்றி வருந்திச் சொன்னது இது ஒன்றுதான். சில வாரங்களில் மறைந்தார்.

என்னால் முடியாத நாட்களில் அப்பாவை அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டு அங்கிளுக்கும், மாதக்கணக்கில் ரசமும் சாதமும் கொடுத்தனுப்பிய ஆன்ட்டிக்கும், டயாலிசிஸ் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசி நன்றி ஒருவருக்கு. அப்பா விரும்பியபடி அஸ்தியை லம்பாசா ஆற்றில் கரைக்க எடுத்துப் போனேன். வரும் நாளை உறவினர்களிடம் சொல்லியிருந்தேன்; யாரையும் வரச் சொல்லவில்லை. விமான நிலைய வாசலில், கம்பு ஊன்றி, எண்பத்து நான்கு வயதுப் பெரியப்பா நின்றிருந்தார். அவர் கம்பைக் கூட வந்த தன் மகனிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"தம்பியை என்கிட்ட குடும்மா. நீ ரொம்ப தூரம் தூக்கிட்டு வந்துட்ட."