என் பெயரைக் கப்பலிலிருந்து எடுத்தார்கள்

தி. நகரில் அந்த டிராவல்ஸ் ஆபீஸ் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. விசாவுக்குக் கேட்ட போட்டோக்களை, அப்பாவுக்கு அலைச்சல் வேண்டாம் என்று அவரிடம் சொல்லாமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியேறினேன். அப்பா, அம்மா, நான், என் மனைவி என்று நாலு பேருடைய போட்டோவும் இருந்தது. எல்லாவற்றிலும் அம்மாவுடையதுதான் விசேஷம். திருடனைப் பார்த்த மாதிரி முறைத்துக்கொண்டிருப்பாள்.

சிங்கப்பூரில் வேலையாயிருந்த அண்ணாதான் எங்களைக் கூப்பிட்டிருந்தான். அந்த ஊர் வரை விமானம், அங்கே ஏறினால் கடலிலேயே சில நாள் சுற்றிக் கொண்டுவந்து விடுகிற உல்லாசக் கப்பல். தொண்ணூறுகளின் கடைசியில் மயிலாப்பூரில் யாராவது ஒருவர் இப்படிப் போய்வந்து, கப்பலுக்குள் நீச்சல் குளம் இருக்கிறது என்று மற்றவர்களை வயிறெரியச் செய்துகொண்டிருந்த காலம்.

அப்பாவுக்கு முதலில் அது பிடிபடவில்லை. "ஏறின இடத்துலயே எறக்கி விடுவானாம். எங்கேயும் போகாத கப்பலுக்கு எதுக்குடா டிக்கெட்?" என்றார்.

"தெனம் சாயங்காலம் குளத்தைச் சுத்திண்டு வரேளே, நீங்க எங்கே போயிட்டு வரேள்?" என்றாள் அம்மா. அதோடு கப்பல் முடிவாகிவிட்டது.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். மயிலாப்பூரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். படிக்காததையெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கண்ணாடிக் கதவை இழுத்து மூடிக்கொண்டுவிட்டால் வெளியே கேட்காது என்பது ஜனங்களுடைய நம்பிக்கை. அதிலிருந்து எத்தனையோ நல்ல பழமொழிகளைப் பொறுக்கியிருக்கிறேன். ஊர்ச் சேதி எல்லாம் என்னைத் தாண்டித்தான் போகும் என்று ஒரு மிதப்பும் எனக்கு உண்டு.

கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரு போட்டோவை என் பக்கமே தள்ளினாள். "மூணு போதும் சார்."

"நாங்க நாலு பேர்ம்மா."

"இல்லயே, மூணுதான். ஒருத்தர் பேர கேன்சல் பண்ணியாச்சு." பெயரைப் படித்தாள். "இவரு உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"நான்தாம்மா அது."

அவள் கை கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கல்யாணப் பந்தியில் இலையில் உட்கார்ந்தவனை எழுப்பிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அண்ணாவுக்கு என்மேல் ஏதாவது கோபமா? போன தீபாவளிக்கு அவன் பேசும்போது லைன் கட்டானதை நான் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டானா? ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது.

"யாரும்மா எடுக்கச் சொன்னது?"

"உங்க அப்பாதான் சார். அவரே வந்தாரு. இவ்ளோ தூரம் வந்தப்புறம் ஏன் சார்னு நானும் கேட்டேன். பையன் இப்ப சமுத்திரம் தாண்டக் கூடாது, மாட்டுப்பொண் உண்டாயிருக்கான்னு சொன்னாரு." அதற்குள் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கங்கிராட்ஸ் சார்!"

நான் அப்பாவாகப் போகிறேன் என்கிற சேதி எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. கவுன்டருக்குப் பின்னால் பேர் தெரியாத ஒரு பெண் சொல்ல, கையில் என் போட்டோவை வைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்" என்று சொன்னேன். வேறென்ன சொல்வது? எனக்குத் தெரியாதே என்றா சொல்ல முடியும்?

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மனைவி கர்ப்பமாயிருந்தால் புருஷன் சமுத்திரம் தாண்டக் கூடாது, கடலில் குளிக்கக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது. இதெல்லாம் நானும் கேட்டு வளர்ந்ததுதான். அதனால் அப்பா என் பெயரை எடுத்தது புரிந்தது. மற்ற எதுவும் புரியவில்லை.

படியை நோக்கித் திரும்பியவனை அந்தப் பெண் கூப்பிட்டாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் பேரு அப்டியே இருக்குதே? கப்பல்ல அவங்களைத்தானே அனுப்பக் கூடாது?"

அப்போதுதான் எனக்கு இரண்டாவது இடி விழுந்தது.

கீழே வந்து ஆட்டோவில் ஏறினேன். போகிற இடம் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. பனகல் பார்க் தாண்டியதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இன்னா சார், பேயறஞ்ச மாரி குந்தினுகீறே?"

"வீட்டுல எல்லாரும் கப்பல்ல போறாங்கப்பா. என் பேரை மட்டும் எடுத்துட்டாங்க."

"பேரத்தானே சார் எடுத்தாங்கோ, உசுரயா எடுத்தாங்கோ? வுடு. நம்ம பேரு ரேசன் கார்டுலயே இல்ல, நான் துன்னாமயா கீறேன்?"

வேறொரு நாளாயிருந்தால் அவரோடு மயிலாப்பூர் வரைக்கும் பேசிக்கொண்டே போயிருப்பேன். அன்று பழையதெல்லாம்தான் ஞாபகம் வந்தது. இதற்கு முன் இரண்டு முறை என் மனைவி உண்டாகியிருந்தாள். இரண்டு முறையும் என்னிடம்தான் முதலில் சொன்னாள். நான் சும்மா இருக்கிற ஆளா? பூத்துக்கு வந்ததும் சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் கைகுலுக்கினார்கள். சாயங்காலத்துக்குள் மாட வீதி நாலும் அறிந்தது. இரண்டு கர்ப்பமும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. அப்புறம் அதே நாலு வீதியிலும் அவள் தலையைக் குனிந்துகொண்டு காய்கறி வாங்கப் போனாள். இந்த முறை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று நான் யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா பால்கனியில் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். அம்மா கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மனைவி மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள் என்று தெரிந்ததும் அப்பா பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அப்பா, உங்களுக்கு யார் சொன்னா?"

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "உங்கம்மா."

"அம்மாவுக்கு யார் சொன்னா?"

"எனக்கு யாருடா சொல்லணும்?" என்றாள் அம்மா, அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்காமலே. "ரெண்டு மாசமா அவ தள்ளி உக்காரலை. இந்த ஆத்துல சமையல்கட்டுக்கு யார் எப்போ வரலைன்னு எனக்குத் தெரியாதா? கட்டினவனுக்கு ஒறைக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன்கிட்டயா?" அம்மா ஒரு அவரைக்காயை எனக்கு நேரே நீட்டினாள். "ஒண்ணு உன்கிட்டச் சொல்லணும், இல்லைன்னா ஆல் இண்டியா ரேடியோவுல சொல்லணும். நல்லது நாலு பேருக்குத் தெரிஞ்சா நாலு கண்ணு படும்டா. அவளே மூச்சு விடலை. நானும் தெரிஞ்ச மாதிரி காமிச்சுக்கலை."

"சரி. அவளை எப்படிக் கப்பல்ல ஏத்தறேள்?"

அம்மாவின் கை நின்றது. "யாரை?"

"என் பேரை மட்டும்தான் அப்பா எடுத்திருக்கார். அவ பேர் அப்படியே இருக்கு."

அம்மா மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் போட்டோவில் இருக்கிற முகம் அப்படியே வந்துவிட்டது. அப்பா பஞ்சாங்கத்தை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டார். "புருஷனுக்குத்தானேடி தடை போட்டிருக்கு? பொம்மனாட்டிக்கு ஒண்ணும் போடலையே. நானும் ரெண்டு பேர்ட்ட விசாரிச்சேன்."

"போடலையா?" அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வாயும் வயிறுமா இருக்கறவ கப்பல்ல ஏறுவான்னு எழுதினவனுக்குத் தோணவே இல்லை, அதான் போடலை! வயித்தைத் தள்ளிண்டு அவ நடுக்கடல்ல ஆடணும், இவன் குத்துக்கல்லாட்டம் மயிலாப்பூர்ல பத்திரமா இருக்கணும். என்ன சாஸ்திரமோ, என்ன மனுஷரோ! இதைக்கூடவா சொல்லி அனுப்புவா?"

"விசாரிச்சேளா?" என்று ஒரு குரல் கேட்டது.

மாடிப்படி வாசலில் என் மனைவி, தோள் நிறையத் துணியோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. அம்மா எழுந்திருக்கப் போனாள், முடியவில்லை. அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்து ஏதோ பார்க்கிற மாதிரி இருந்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

நான்தான் சொன்னேன். "இங்கே நாங்க மூணு பேர். அப்பா விசாரிச்ச ரெண்டு பேர். அப்புறம், டிராவல்ஸ் ஆபீஸ்ல அந்தப் பொண்ணு."

அவள் துணியைப் போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அழுகை வரவில்லை, பயம்தான் இருந்தது. கைப்பொருளைக் கூட்டத்தில் தொலைத்தவள் முகம். "டாக்டர்கிட்டகூட நான் இன்னும் போகலை. பொத்திப் பொத்தி வெச்சுண்டிருந்தேன். எல்லாருமாச் சொல்லிட்டேள்," என்றாள். "இதுவும் போயிடும்."

அம்மா தவழ்கிற மாதிரி நகர்ந்து அவள் பக்கத்தில் போனாள். "போகாது. யாரோ என்னமோ சொன்னா. நீ சொன்னியோ? உன் வாயால நீ இன்னும் சொல்லலை. நீயாச் சொல்ற வரைக்கும் எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது." அப்பா பக்கம் திரும்பினாள். "ஏன்னா, உங்களுக்கு ஏதாவது தெரியுமோ?"

"எனக்கு என்ன தெரியும்? இன்னிக்கு அஷ்டமின்னு தெரியும்," என்றார் அப்பா.

இது என்ன ஆறுதல் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நீங்க ரெண்டு பேரும் கப்பல்ல போகணும்," என்றாள்.

"உன்னை விட்டுட்டா? நன்னாருக்கே!"

"யாருமே போகலைன்னா ஏன் போகலைன்னு தெருவே கேக்கும். கேட்டா சொல்லணும். நீங்க போங்கோ. இவருக்குக் கடையை விட முடியலை, இவருக்குச் சமைச்சுப் போட நான் இருக்கேன்னு சொல்லிக்கலாம்."

மறுநாள் நானே தி. நகருக்குப் போய் அவள் பெயரையும் எடுக்கச் சொன்னேன். அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவும் அம்மாவும் போய்வந்தார்கள். கப்பலில் சமையல்காரருக்குத் தயிர் சாதத்துக்குக் கடுகு தாளிக்கச் சொல்லிக் கொடுத்ததாக அம்மா சொன்னாள்.

எங்கள் வீட்டில்தான் விசித்திரம். அடையாறில் ஒரு லேடி டாக்டரிடம் அவளை அழைத்துக்கொண்டு போவேன். வெளியே பெஞ்சில் உட்காருவேன். வந்ததும் "என்ன சொன்னா?" என்பேன். "நன்னாச் சாப்பிடச் சொன்னா," என்பாள். அவ்வளவுதான். மூன்றாம் மாதம் முடிகிற வாரம் நான் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. அவளும் தூங்கவில்லை என்று தெரியும். இருவரும் தூங்குகிற மாதிரியே படுத்திருந்தோம். பூத்தில் யார் கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. "என்னப்பா, மௌன விரதமா?" என்று கேலிகூடச் செய்தார்கள்.

வயிறு தெரிய ஆரம்பித்தது. தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஐந்தாம் மாதம் என்று நினைக்கிறேன். டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டம். அவளுக்கு ஒரு சீட் கிடைத்தது. பக்கத்தில் காலி மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு நொச்சிக்குப்பத்து அம்மா ஒருவர். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடையாறு பாலத்தின் மேல் பஸ் ஏறியபோது என் மனைவி திடுக்கிட்டு வயிற்றில் கை வைத்தாள். வலி என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. குழந்தை உதைத்திருக்கிறது என்று அவள் முகம் சொன்னது; என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்னா," என்றாள், பஸ் இரைச்சலுக்கு மேல். "நான் உண்டாயிருக்கேன்."

மீன்கார அம்மா அவள் வயிற்றைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் மறுபடியும் வயிற்றைப் பார்த்தார்.

"அடப்பாவி, இத்தினி நாளா உனுக்குத் தெர்லியா நைனா?"

தெரிந்த சேதிதான். கூரியர் மாதிரி ஊரெல்லாம் சுற்றி எனக்கு வந்து சேர்ந்த சேதிதான். ஆனால் தி. நகர் கவுன்டரில் அடைத்ததைவிட இப்போது பலமாகக் காது அடைத்துக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுபவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். எனக்கு மறைப்புக்கு ஒரு கதவுகூட இல்லை. மூஞ்சியைத் துடைத்துக்கொண்டேன்.

"தெரியாதும்மா," என்றேன். "இப்பத்தான் சொல்றா."