சேணத்துக்குள் போன தலையணை

இந்த ஊரில் குதிரைக்குக் கம்பளி போர்த்துகிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கே மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிவிடும். எங்கள் வீட்டுக்காரர் முதலில் குதிரையின் முதுகைத் துடைத்து, கம்பளியைப் போர்த்தி, மார்புக்குக் குறுக்கே வாரைப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ராமநாதபுரத்து வெயிலில் வளர்ந்த நான் முதல்முறை அதைப் பார்த்தபோது குதிரைக்குக் காய்ச்சல் என்று நினைத்து, கஷாயம் வைக்கட்டுமா என்று கேட்டேன். ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். அவர் அந்தக் குதிரை மேல் உட்கார்ந்திருப்பதே என்னால்தான் என்பதை நம்ம ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்லிவைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கடலாடிப் பக்கம் ஒரு ஜமீனில் குதிரைக்காரராக இருந்தவர். ஜமீன் நொடித்துக் குதிரைகள் கைமாறியபோது, அவர் ஏறிப் பழகிய சேணத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அதை என்னிடம் விட்டுவிட்டு, பிழைப்புத் தேடி இலங்கைக்கு, நுவரெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. தோட்டத்துத் தபாலைக் குதிரையில் கொண்டுபோகும் வேலை காலியாக இருக்கிறதாம். குதிரையைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுப்பார், சேணம் நம்முடையதாக இருக்க வேண்டுமாம். மாதம் பிறப்பதற்குள் சேணமும் நீயும் வந்து சேர்ந்தால் வேலையும் உண்டு, குடியிருக்க வீடும் உண்டு. தவறினால் இன்னொருவன் காத்திருக்கிறான் என்று எழுதியிருந்தார். என்னைச் சேணத்துக்குப் பின்னால் எழுதியது சுருக்கென்றுதான் இருந்தது. மண்டபம் முகாமில் அழுக்குச் சாமானை விடமாட்டார்கள், சுத்தமாகக் கொண்டுவா என்று கடைசி வரி.

சுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது எண்ணெய்க் குளியல்தான். வெள்ளிக்கிழமை காலையில் சேணத்தை முற்றத்தில் வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, சீயக்காய் போட்டு நாலு குடம் தண்ணீர் ஊற்றினேன். என் அய்யா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏத்தா, அப்படியே சாம்பிராணியும் போட்டுவிட்ரு, சளி பிடிச்சுக்கிறப் போகுது" என்றார். தோல் என்னவோ பளபளவென்று ஆகிவிட்டது. உள்ளே அடைத்திருந்த குதிரை மயிரில் தண்ணீர் இறங்கியது எனக்குத் தெரியவில்லை.

இலங்கைக்குப் போகிறவர்களை மண்டபத்தில் சில நாள் நிறுத்திவைத்து, நோய்நொடி உண்டா என்று பார்த்துத்தான் கப்பலேற விடுவார்கள். துணிமணி, பாய், தலையணை எல்லாம் நீராவிப் பெட்டிக்குள் போய் வரும். முதல் நாள் என் மூட்டையும் போய் வந்தது. பக்கத்துக் கொட்டகைக்காரர் தெரியாமல் தோல் செருப்பையும் சேர்த்துக் கட்டிவிட்டார். அது கைப்பிள்ளைக்குத் தைத்த மாதிரி சுருங்கி வந்தது. மறுநாள் முகாம் டாக்டர் என் சேணத்தைப் பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"குதிரை எங்க நிக்குது?" என்றார்.

"நுவரெலியாவுல நிக்குதுங்கய்யா."

அவர் சேணத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "நீங்கள் ஏறி ஓடுறனீங்களோ?"

"நான் கழுதை மேலகூட ஏறுனதில்லைங்க."

சிரித்துக்கொண்டே குனிந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். "உள்ளுக்கு மயிர் ஊறி நாறிப்போச்சு. நீராவியில வைக்கோணும், இல்லாட்டி எரிக்கோணும்."

எனக்கு அந்தச் செருப்புதான் கண்ணில் வந்தது. சேணம் அப்படிச் சுருங்கினால் வேலை போயிற்று, வீடு போயிற்று. வீட்டுக்காரர் அங்கன, நான் இங்கன என்று இன்னும் எத்தனை வருஷமோ. என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டியது. ஆனால் டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை பிடிபட்டது.

"அய்யா, மயிருதானே ஆகாது? தோலு இருக்கலாம்ல?"

"தோலை மருந்தால துடைச்சு விடலாம். வெறுந்தோலைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீங்கள்? குதிரையின்ர முதுகு புண்ணாகிப்போகும்."

"அத நான் பாத்துக்கிறேன். ஒரு கோணி ஊசி மட்டும் குடுக்கச் சொல்லுங்க."

அடித்தையலைப் பிரித்து, நாற்ற மயிரை முழுக்கப் பிடுங்கி அவர்கள் முன்னாலேயே எரித்தேன். தோல் மருந்து குடித்துக் காய்வதற்கு இரண்டு நாள். பிறகு என் தலையணையைக் கிழித்தேன். எங்கள் கொல்லை இலவமரத்துப் பஞ்சு. நீராவிக்குள் போய், வெயிலில் காய்ந்து உப்பி, முகாமின் முத்திரைச் சீட்டோடு இருந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு வந்த தலையணை என்று கொஞ்சம் வருத்தம்தான். டாக்டர் தையலை இழுத்துப் பார்த்துவிட்டுச் சேணத்துக்கும் ஒரு சீட்டுக் கட்டினார்.

மாதம் பிறக்க ஒரு நாள் இருக்கையில் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். துரை சேணத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே என்ன என்று என்னிடமே சைகையில் கேட்டார். தலையணை என்பதைக் காட்ட, கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடினேன். பயணக் களைப்பு என்று எண்ணி எனக்கு நாற்காலியும் தேநீரும் வரவழைத்துவிட்டார். நான் குடித்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சேணத்தைப் பூட்டி, குதிரையில் மலையைச் சுற்றி வந்துவிட்டார். குதிரையின் முதுகில் ஒரு கீறல் இல்லை. வேலை நிலைத்தது.

இலவம்பஞ்சு எத்தனை நாள் தாங்கும்? ஒரு வருஷத்தில் அமுங்கிவிட்டது. போன மாதம் இவர் இந்த ஊர் ஆட்டுரோமம் வாங்கிவந்து சேணத்தில் அடைத்தார். பழைய பஞ்சைக் கொட்டப் போனவரைத் தடுத்து, நாலு நாள் வெயிலில் போட்டு அடித்து, மறுபடி தலையணையாகத் தைத்துக்கொண்டேன். என்ன அடித்தும் குதிரை வாசம் போகவில்லை. முதலில் முகத்தைச் சுளித்தேன். இப்போது அதில் தலைவைத்தால்தான் கண் சொருகுகிறது. அடுத்த வருஷம் ஊருக்கு வரலாம் என்கிறார் இவர். எனக்கும் ஆசைதான். அங்கே அய்யா புதுத் தலையணை எடுத்துப் போடுவார். அதில் எனக்குத் தூக்கம் வருமா என்றுதான் தெரியவில்லை.