வளையல் இல்லாத கை

கார்குழலியின் இடது புறங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது. விரல் நீளத்துக்கு, நெருக்கமான கோடுகளாக. சலவைத்தூள் பாக்கெட்டின் ஒட்டிய வாயைத் தடவிப் பார்த்தால் வரிவரியாகத் தட்டுப்படுமே, அதே வரிகள்தான். பாக்கெட்டை ஒட்டும் சூடான இரும்புத் தாடை எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் அவர் கையையும் கவ்விவிட்டது.

சேதராப்பட்டில் உள்ள அந்தச் சலவைத்தூள் தொழிற்சாலையில் அவருக்குப் பதினெட்டு ஆண்டு வேலை. முதல் ஏழு ஆண்டுகள் பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கினார். பிறகு மூன்றாம் வரிசை எந்திரத்துக்கு மாற்றினார்கள். பிளாஸ்டிக் சுருளைப் பையாக மடித்து, தூளைக் கொட்டி, வாயை ஒட்டி, வெட்டித் தள்ளுகிற எந்திரம் அது. பதினோரு ஆண்டுகளாக அதை ஓட்டுவதும் அவர்தான், நின்றுபோனால் கழற்றி மாட்டுவதும் அவர்தான். பதிவேட்டில் மட்டும் அவர் இன்னும் 'ஹெல்பர்'. அதே வேலையை மற்ற வரிசைகளில் செய்யும் ஆண்களுக்கு 'ஃபிட்டர்' என்று பெயர். ஹெல்பர் என்றால் யாருக்கோ உதவுகிறவர் என்று பொருள். மூன்றாம் வரிசையில் உதவி வாங்கிக்கொள்ள ஃபிட்டர் என்று ஒருவர் இருந்ததே இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்பார்கள். கை வெந்த அன்று விபத்துப் பதிவேட்டில் எழுதியதைப் படித்தால் தெரியும்: 'ஹெல்பர் கவனக்குறைவாக எந்திரத்தில் கை வைத்துவிட்டார்.' ஃபிட்டருக்குச் சுட்டால் அது விபத்து. ஹெல்பருக்குச் சுட்டால் அது அத்துமீறல். கையில் கட்டோடு நின்ற கார்குழலியிடம் எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வலது கை நன்றாகத்தானே இருந்தது.

எந்திரம் அவருக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். பிறந்தது வம்பாகீரப்பாளையத்தில், மீன்பிடிக் குடும்பத்தில். படகின் எஞ்சின் மக்கர் செய்தால் அப்பா வைத்திலிங்கம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலில் சாக்கை விரித்துப் போட்டு, மகளும் அவருமாகக் கழற்றுவார்கள். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவி, ஊதி, மாட்டுவது மகளின் வேலை. பழுது தீர்ந்ததும் அப்பா மறுபடி எஞ்சினைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போவார். மகள் கூடப் போகக் கூடாது. பெண் கைபட்டால் படகுக்கு மீன் கிடைக்காதாம். சாக்கில் கிடக்கும்போது தொடலாம், படகில் மாட்டிவிட்டால் தொடக் கூடாது. மாட்டுகிற அந்த நொடியில் இரும்புக்குள் என்ன புகுந்துகொள்கிறது என்று கேட்க அந்தக் கரையில் ஆளில்லை. மகள் முடுக்கிய திருகுகளோடுதான் எஞ்சின் கடலுக்குப் போயிற்று. மீனும் கிடைத்தது.

தொழிற்சாலையில் எந்திரத்துக்கு மாறிய முதல் நாளே கை வளையல்களைக் கழற்றிவிட்டார். சுவரில் பலகை மாட்டியிருந்தார்கள்: 'வளையல், மோதிரம் அணிந்தவர்கள் எந்திரத்தைத் தொடக் கூடாது.' நியாயமான விதி. சுழலும் உருளையில் வளையல் மாட்டினால் கை வராது. அவருக்கு அது பழகிப்போயிற்று. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு கணவர் கிருஷ்ணசாமி இறந்தபோது, சடங்கு என்று சொல்லி வளையலை உடைக்க வந்தார்கள் உறவுப் பெண்கள். கையில் உடைக்க ஒன்றும் இல்லை. கடையில் ஒரு டஜன் வாங்கிவந்து போட்டுவிட்டு உடைக்கலாம் என்றார் நாத்தனார் ஒருவர். செத்துப்போனவருக்காக உடைப்பதற்கு என்றே புது வளையல். கார்குழலி கையை நீட்டவில்லை. அதிலிருந்து நாத்தனார் பேசுவதில்லை.

போன ஆண்டு, மூன்றாம் வரிசைக்கு ஒரு ஃபிட்டர் பதவி உருவாக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கார்குழலி மனு எழுதிக் கொடுத்தார். மகள் ஹேமலதா கம்ப்யூட்டரில் அடித்துத் தந்த மனு. மேலாளர் வாங்கி வைத்துக்கொண்டு, மேலே அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார். கம்பெனி டிவிக்கு விளம்பரம் எடுக்கிறது, நிஜமான தொழிலாளி முகம் ஒன்று வேண்டுமாம், நீங்கள் நடித்துக் கொடுத்தால் மனுவை அனுப்பும்போது நன்றாக இருக்கும் என்றார். அந்தக் கடைசி வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு கார்குழலி சம்மதித்தார்.

முதல் நாள் படப்பிடிப்பு தொழிற்சாலையில். சென்னையிலிருந்து வந்த நடிகர் ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மூன்றாம் வரிசை எந்திரத்தின் முன்னால் நின்றார். விஞ்ஞானி. அவர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பிச் சிரிக்க வேண்டும். இரண்டாம் முறை அழுத்தியபோது தாடைக்குள் தூள் சிக்கிப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டது. விஞ்ஞானி நான்கடி பின்னால் போய் நின்றார். யாரும் சொல்லாமலே கார்குழலி போய் மின்சாரத்தை நிறுத்தினார். சுற்றிய பிளாஸ்டிக்கை உருவி, தாடையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சூட்டைச் சரியாக வைத்து, மறுபடி ஓடவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

மறுநாள் கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுவர் வீடு ஒன்றில். அங்கே கார்குழலி தொழிலாளி இல்லை. அம்மா. பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, இரண்டு கையிலும் சிவப்புக் கண்ணாடி வளையல்களை அடுக்கினாள் உடை அலங்காரத்துக்கு வந்த பெண். புருஷன் இருக்கிறாரா என்று அவள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மகனின் சேற்றுச் சட்டையைப் பார்த்து அம்மா திடுக்கிட வேண்டும். சட்டையை வாஷிங் மெஷினில் போட்டுத் தூளைக் கொட்ட வேண்டும். பிறகு கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும்.

நான்கு முறை எடுத்தார்கள், நான்கு முறையும் கெட்டது. மெஷினை நெருங்கியதும் கார்குழலி வளையல்களை மளமளவென்று கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். டைரக்டர் கோபக்காரர் இல்லை. பக்கத்தில் வந்து கேட்டார்.

"வளையல ஏம்மா கழட்டுறீங்க?"

"மிசின்ல கை வைக்கப் போறேன் சார்."

"இது வாஷிங் மெஷின்மா. வீட்டு மெஷின்."

"மிசின் மிசின்தானே சார்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஐந்தாம் முறை, கையைப் பிடித்து வைப்பதுபோல மனதைப் பிடித்துவைத்து, வளையலோடு துணியைப் போட்டார். அடுத்தது வசனம்: 'எனக்கு இந்த சயன்ஸெல்லாம் தெரியாதுங்க. என் குடும்பம் பளிச்னு இருந்தா அது போதும்.'

"எனக்குத் தெரியுமே சார்," என்றார் கார்குழலி. தூளில் என்ன கலக்கிறார்கள், எத்தனை டிகிரியில் பை ஒட்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"உங்களுக்குத் தெரியும்மா. அம்மாவுக்குத் தெரியாது," என்றார் டைரக்டர் பொறுமையாக.

பதினோரு முறை சொல்லவைத்தார்கள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள். மனுவை நினைத்துக்கொண்டு சிரித்தார். கிளம்பும்போது வளையலைக் கழற்றிக் கொடுக்கப் போனவரிடம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அந்தப் பெண்.

ஒருநாள் மாலை டிவியின் எதிரே உட்கார்ந்து விளம்பரங்களை மட்டும் பாருங்கள். தரையில் கிருமி இருந்தால் பதறுகிறவள் பெண். கிருமியின் பெயரைச் சொல்கிறவன் ஆண். அவள் அடுப்பைத் துடைக்கிறாள். எதைக் கொண்டு துடைக்க வேண்டும் என்று கனத்த குரலில் ஓர் ஆண் எங்கிருந்தோ சொல்கிறான். வாழ்நாளில் ஒரு பாத்திரம் தேய்க்காத குரல் அது. முதுகு வலித்தால் அவளுக்கு ஓய்வு கிடையாது, தைலம் உண்டு. தடவிக்கொண்டு சிரித்தபடி மறுபடி அடுப்படிக்குப் போகிறாள். பெண்ணின் இடம் அடுப்படி என்று கோயிலில் சொன்னால் மூடநம்பிக்கை என்று எதிர்த்துப் பேசுகிறோம். அதையே சோப்பு நுரையோடு சொன்னால் பாட்டை முணுமுணுக்கிறோம்.

சித்திரையில் விளம்பரம் வந்தது. முதலியார்பேட்டையில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில், ஹேமலதா சத்தத்தைக் கூட்டினாள். வெள்ளைக் கோட்டுக்காரர் முகம். அடுத்து, எந்திரத்தில் வேகமாக இயங்கும் இரண்டு கைகள். தூரிகை, தாடை, திருகு. மறுபடி வெள்ளைக் கோட்டுக்காரர் நிமிர்ந்து சிரிக்கிறார். எங்கள் நிபுணர்களின் கைத்திறன் என்கிறது கனத்த குரல்.

"ம்மா, அது உன் கை," என்றாள் ஹேமலதா. "அந்தத் தழும்பு."

அதற்குள் டிவியில் கார்குழலியே வந்துவிட்டார், பட்டுப்புடவையும் வளையலுமாக. எனக்கு இந்த சயன்ஸெல்லாம் தெரியாதுங்க. அரை நிமிட விளம்பரத்தில் அவர் இரண்டு முறை வருகிறார். தெரிந்த கைக்கு முகம் இல்லை. முகம் வரும்போது ஒன்றும் தெரியவில்லை.

"உன் கைய வெட்டி அந்தாளுக்கு ஒட்டிட்டானுங்கம்மா."

"கையில வளையல் இல்லல்ல," என்றார் கார்குழலி. "ஆம்பள கைன்னு போட்டிருப்பாங்க."

அடுத்த வாரம் ஃபிட்டர் பதவி மேட்டுப்பாளையம் கிளையிலிருந்து வந்த நாகராஜுக்குப் போயிற்று. அவர் அங்கே பாட்டில் நிரப்பும் எந்திரத்தில் இருந்தவர். கார்குழலி போய்க் கேட்டபோது மேலாளர் விளக்கம் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

"நீங்களே டிவில சொல்லிட்டீங்களேம்மா, தெரியாதுன்னு," என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் கார்குழலிக்கு உட்காரத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை காலை, அலமாரியில் கிடந்த சிவப்பு வளையல்களை எடுத்து இரண்டு கையிலும் போட்டுக்கொண்டார். தெருவில் ஒரு பெண் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு வேறு பக்கம் பார்த்தாள்.

பத்து மணிக்கு மூன்றாம் வரிசை நின்றது. நாகராஜ் கெட்ட மனிதர் இல்லை. அந்த எந்திரத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரம் திணறினார். சூப்பர்வைசர் செல்வகுமார் வந்தார். கார்குழலியைவிடப் பத்து வயது இளையவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, கொஞ்சம் பாருங்கக்கா."

கார்குழலி அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கிக் காட்டினார்.

"வளையல் போட்டிருக்கேன் தம்பி."

"கழட்டி வச்சிட்டு வாங்க."

"எதுக்குக் கழட்டணும்? ஹெல்பருக்குப் பொட்டி அடுக்குற வேல. பொட்டி அடுக்க வளையல் எடஞ்சல் இல்ல. மிசின தொடுறவங்கதான் போடக் கூடாதுன்னு போர்டுல எழுதியிருக்கு."

செல்வகுமார் பலகையைப் பார்த்தார். அது அப்படித்தான் எழுதியிருந்தது. பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அன்புசெல்விக்குக் குஷி. நாகராஜ் காதில் விழும்படி, ஃபிட்டர் சாருக்கும் ரெண்டு வளையல் வாங்கிப் போட்டுவிடலாமா அக்கா என்றாள். கார்குழலி அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, வளையல் போட்டா வேல தெரியாதா? அவங்க சொல்றதையே நீயும் சொல்ற."

அன்புசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. வெற்றி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. எந்திரம் தப்பாகச் சத்தம் போடும்போதெல்லாம் அவருக்குத்தான் உடம்பு பதறியது. எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரியும். தெரிந்தும் பெட்டி மடித்துக்கொண்டிருப்பது, பெட்டி மடிப்பதைவிடக் களைப்பான வேலை. மாலையில் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். இரண்டாம் நாள் ஹேமலதா, விட்டுவிடலாமா அம்மா என்று கேட்டாள். கார்குழலிக்கும் அதே எண்ணம்தான். எழுந்து போய் மேலாளரிடம் மன்னிப்புக் கேட்கக்கூடத் தெம்பில்லாததால்தான் மூன்றாம் நாளும் வளையல் போட்டுக்கொண்டார் என்றுகூடச் சொல்லலாம்.

நான்காம் நாள் மேலாளர் சுற்றறிக்கை விட்டார். ஆளுக்கு ஒரு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தேதி, முத்திரை எல்லாம் இருந்தது.

'ஹெல்பர்களும் எந்திரங்களில் பணிபுரிவதால், பாதுகாப்புக் கருதி, அவர்களும் இனி வளையல் அணியக் கூடாது.'

கார்குழலி அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை விரல் வைத்துப் படித்தார்: ஹெல்பர்களும் எந்திரங்களில் பணிபுரிவதால். பதினோரு ஆண்டுகளில் அந்தக் கம்பெனி அதை எழுதிக் கொடுப்பது இதுவே முதல் தடவை. மேலாளர் வளையலைக் கழற்றவைக்கிற அவசரத்தில் அதையும் எழுதிவிட்டார்.

வளையல்களைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டார். நகலை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். எந்திரத்திடம் போனார். நாகராஜ் விலகி இடம் விட்டார்.

"சூடு வைக்கிறதுல கோளாறுன்னு நெனச்சேன்க்கா," என்றார்.

"இல்ல. கீழ ஸ்பிரிங் தளந்துருக்கு. இங்க பாருங்க."

கால் மணி நேரத்தில் பாக்கெட்டுகள் விழத் தொடங்கின.

அன்று மாலை ஃபிட்டர் பதவி கேட்டுத் தொழிலாளர் துறைக்கு ஒரு மனு தயாரானது. கூடவே எட்டு ஆண்டுக்கு முந்தைய எச்சரிக்கைக் கடிதம். அதற்குமேல் இந்தச் சுற்றறிக்கை. ஒன்றில் ஹெல்பர் எந்திரத்தில் கை வைத்தது குற்றம், இன்னொன்றில் அதுதான் வேலை. ஹேமலதா இரண்டையும் சேர்த்துக் குண்டூசி குத்தினாள். இதனால் கிடைத்துவிடுமா என்று கேட்டாள். தெரியாது என்றார் கார்குழலி. இந்தத் 'தெரியாது'வை அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

டிவியில் விளம்பரம் வந்தது. பட்டுப்புடவைக் கார்குழலி சிரித்தார். நைட்டியில் இருந்த கார்குழலி நிமிர்ந்து பார்க்கவில்லை. மனுவைக் கொடுக்க ஒருநாள் லீவு வேண்டும். கம்பெனியின் லீவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர், வரிசை எண், காரணம். பதவி என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பதினெட்டு ஆண்டுகளாக அங்கே யோசிக்காமல் எழுதியதுதான்.

அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.