தண்டனை வளாகம்

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நான்கு வளாகங்கள். பெரிய நூலகமும் பெரிய அதிகாரிகளும் வடக்கே, தலைமை வளாகத்தில். அறிவியலுக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று. நாலாவது எங்கள் காரைக்கால்: ஒரு வாடகை வீடு, ஐந்து அறை, மழை பெய்தால் ஒழுகும் அலுவலகம். தப்புச் செய்தவர்களை அனுப்பிவைக்க அவர்களுக்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது. "காரைக்காலுக்குத் தூக்கிடுவேன்" என்றால் தலைமை வளாகத்தில் பியூன் முதல் பேராசிரியர் வரை அடங்கிப்போவார்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் தலைமை வளாகத்தில் டைப்பிஸ்ட். காரைக்காலை ஒட்டிய எங்கள் ஊர் கோட்டுச்சேரியில் அப்பா படுத்த படுக்கை. பார்த்துவர, நடுவே தமிழ்நாட்டைக் கடந்து ஐந்து மணி நேரம் பஸ். ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். கண்காணிப்பாளர் சிரித்தார்.

"அது தண்டனைக்குன்னு வெச்சிருக்கிற எடம்மா. நீ ஆசப்பட்டுக் கேட்டு நானும் குடுத்துட்டா, நாளைக்கு எதச் சொல்லி மத்தவங்கள மெரட்டுறது?"

விண்ணப்பம் மாதக்கணக்கில் அவர் மேசை டிராயரிலேயே கிடந்தது. தை மாதம் அப்பா போய்விட்டார். நான் வந்து சேருமுன் எடுத்துவிட்டார்கள், முகம்கூடப் பார்க்கவில்லை. மாற்றல் உத்தரவு மாசியில் வந்தது. அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

இரண்டு வருஷத்தில் அவர் பதிவாளரோடு முட்டிக்கொண்டார். எங்கே தூக்கியடித்தார்கள் என்று சொல்லவே வேண்டாம். பெட்டியோடு வந்து நின்றவரை, "வாங்க சார், வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டேன்.

மனைவி, பிள்ளைகள் எல்லாம் அங்கே. ஆறே மாதத்தில் திரும்பிப் போக மனுப் போட்டார். மனுவோடு வளாகத் தலைவரின் குறிப்பு போக வேண்டும். அதை எழுதி டைப் அடிப்பவள் நான். குறை சொல்லி எழுதினால் வேறெங்காவது மாற்றிவிடுவார்களே! அதனால் புகழ்ந்து தள்ளினேன். இவரில்லாமல் இந்த வளாகமே நடக்காது என்று எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார், மனு தள்ளுபடியானது. மறு வருஷமும் அப்படியே. அவர் முகம் தொங்கிப்போன அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

வேறு வழியில்லாமல் மனிதர் வேலையில் இறங்கினார். அதுவரை எங்கள் மாணவர்களுக்கு ஹால் டிக்கெட் வருவதற்குள் பாதித் தேர்வு முடிந்திருக்கும். தலைமை வளாகத்தின் சந்துபொந்தெல்லாம் தெரிந்தவர், போன் மேல் போன் போட்டு ஒரு வாரம் முன்பே வரவழைத்தார். இரண்டு தடவை பரீட்சையைத் தவறவிட்ட கோட்டுச்சேரிமேட்டு மீனவர் வீட்டுப் பெண் அந்த வருஷம் எழுதிப் பாஸானாள்.

மூன்றாவது மனு வந்தது. போன வருஷத்து வரிகளையே திரும்ப டைப் அடித்தேன். அடித்து முடித்துப் படித்தால், ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அப்பாவுக்காக நான் செய்துகொண்டிருந்த ஒரே காரியத்தையும் அந்த மனிதர் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.