சர்வரே பார்த்துக்கொள்ளும்

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சர்வரைக் காக்கும் வேலை. இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்கள் அவை.

வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் ஷூ டிசைன்கள் அந்த சர்வரில் இருக்கும். அவற்றைப் பார்க்க வேண்டியவர்களின் கம்ப்யூட்டரில், வீட்டிலும் வேலை பார்ப்பவர்களுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரிலும், ஒரு சான்றிதழைப் போட்டுக் கொடுப்பேன். கேட் பாஸ் மாதிரி. வேலையை விட்டுப் போகிறவரின் சான்றிதழ் எண்ணை ரத்துப் பட்டியலில் ஏற்றினால், மறுநாள் முதல் சர்வர் அவரை உள்ளே விடாது. முதல் இரண்டு பேருக்குச் சோதித்துப் பார்த்தேன். பிறகு நம்பிவிட்டேன்.

டிசைன் பிரிவில் இருந்த ஒருவர் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனிக்குப் போனார். நானும் அவரும் வேலூர் பாகாயத்துக்காரர்கள், தினமும் ஒரே பஸ்ஸில் வருவோம். ஊர் வாய் சும்மா இருக்குமா? அதனாலேயே அவர் கிளம்பிய அன்றே எண்ணை ஏற்றிவிட்டேன்.

"இனிமே அவரால எதுவும் பாக்க முடியாதுல்லம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"முடியாது சார். சர்வரே பாத்துக்கும்."

பதினொரு நாள் கழித்து, வேறெதற்கோ சர்வரின் வருகைப் பதிவைத் திறந்தேன். அவர் பெயர் இருந்தது. தினமும் வீட்டிலிருந்து உள்ளே வந்து, அடுத்த சீசன் டிசைன்களைத் திறந்திருக்கிறார்.

நான்தான் வேண்டுமென்றே விட்டேன் என்பார்களே! அந்த வரிகளை அழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அழித்தால் நிஜமாகவே திருடியாகிவிடுவேன் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மத்தியானம்தான் காரணம் பிடிபட்டது. அணைந்து மறுபடி எழும்போது மட்டும்தான் எங்கள் சர்வர் அந்தப் பட்டியலைப் படிக்கும். எனக்கு அது தெரியவே தெரியாது. தினமும் கரண்ட் போகும், சர்வர் அணையும், எழும், புதுப் பட்டியலைப் படிக்கும். இத்தனை வருடமும் என் வேலையைப் பார்த்தது மின்வெட்டு. அதற்கு முந்தின மாதம்தான் பெரிய யூபிஎஸ் வந்து, சர்வர் அணையாமல் ஓடியது. நச்சரித்து அதை வாங்க வைத்தவளும் நானே.

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான வந்தீங்க?"

"ஆமா சார், ஆனா..."

"உன் நம்பரையும் அந்த லிஸ்ட்ல ஏத்திட்டுப் போம்மா."

அந்த வேலை தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை. நானே ஏற்றினேன். சர்வரை அணைத்து எழுப்பினேன். பிறகு பழக்கதோஷம், என் கம்ப்யூட்டரிலிருந்து மூன்று தரம் உள்ளே போகப் பார்த்தேன். மூன்று தரமும் விடவில்லை.