கன்னி மூலைக் கண்ணாடி

ஊருக்கெல்லாம் கான்கிரீட் பெட்டிகளாக வீடு கட்டிக்கொடுத்த என் அப்பா, தனக்கென்று வாங்கியது அறுபதுகளில் யாரோ ஓர் அதிகாரி கட்டிய மரவீடு. எங்கள் தீவின் சௌல்தாரிச் சரிவில், படாக் மரத் தூண்களின் மேல் ஏறி நின்ற வீடு. கூடத்தின் தென்மேற்கு மூலையில் சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை, சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள்தான். தாழ்ந்து நீண்ட கூரை மழையைத் தடுத்துக்கொள்ளும். காற்று மட்டும் உள்ளே வரும். கரையான் தின்ற கட்டைகளை மாற்றி, உடைந்த பட்டைகளுக்குச் சென்னையிலிருந்து கப்பலில் கண்ணாடி வரவழைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல அப்பா அந்த மூலையைத் துடைத்து வைத்தார். அம்மாவுக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பால் காய்ச்சுவதற்குச் சிவகங்கையிலிருந்து பெரியப்பா கப்பலேறி வந்தார். தாத்தா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் படிக்கவைத்தவர். வீடு நன்றாயிருக்கிறது என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வரவேண்டும் என்று அப்பா ஏங்கிக் கிடந்தார். பெரியப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கண்ணாடிக்கு முன்னால் வந்ததும் முகம் மாறிவிட்டது.

"கன்னி மூலைய இப்படித் தெறந்து போட்டா குடும்பம் எப்படிப்பா நிக்கும்?"

இந்தத் தீவில் காற்றே அந்த மூலையிலிருந்துதான் வருகிறது என்று சொல்ல அப்பாவுக்கு வாய் எழவில்லை. மறுநாளே ராஞ்சிக்காரத் தச்சர் பலகைகளோடு வந்து, நிஜமாகவே மூடவா என்று இந்தியில் திரும்பத் திரும்பக் கேட்டார். "கர் தோ பாய். படா பாய் போலா," என்றார் அப்பா. மூடிவிடு, அண்ணன் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

பலகை ஏறிய பிறகுதான் பால் பொங்கியது. இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்று வந்தவர்களிடமெல்லாம் பெரியப்பா சொன்னார். சொல்லிவிட்டு, மத்தியானம் முழுக்கத் துண்டால் விசிறிக்கொண்டு வெளியே பாக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஊர் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. காற்றில்லாத கூடத்தில் தலையணை, சாமி படம், என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் பூஞ்சை பூத்தது. பலகையை எடுத்துவிடலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அப்பா காது கேளாதவர்போல எழுந்துபோனார்.

ஒருநாள் அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பெரியப்பா போன் செய்தார். அம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு நானும் கேட்டேன்.

"அந்தப் பலகைய எடுத்துரச் சொல்லும்மா. அங்க இருக்கயிலயே எனக்கு மூச்சு முட்டிருச்சு. சொன்னது சொல்லிட்டோமேன்னு பேசாம வந்துட்டேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத. அவன் வீடு, அவனா எடுத்ததா இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் அம்மா பூஞ்சை பிடித்த தலையணையை அப்பாவின் மடியில் போட்டுவிட்டு அழுதாள். அழுகையில் பாதி நடிப்பு. அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துபோய்ப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அண்ணனுக்குத் தெரிந்தால் மனசு விட்டுப்போகும், யாரும் மூச்சுவிடக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சரிவின் காற்று மொத்தமும் உள்ளே வந்தது. சட்டையைக் கழற்றிப்போட்டு அங்கேயே நின்ற அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வீட்டில் விஷயம் தெரியாத ஒரே ஆள் அவர்தானே.

அடுத்த முறை பெரியப்பா பேசியபோது, அப்பா திறந்த கண்ணாடிக்கு முன்னால் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"பலகையெல்லாம் அப்படியே இருக்காப்பா?"

"இருக்குண்ணே."

"என்னமோ காத்துச் சத்தம் கேக்குது?"

"ஃபேன் ஓடுதுண்ணே."



"நல்லா ஓடட்டும். நல்ல வீடுப்பா அது," என்றார் பெரியப்பா.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கப்போன என்னை அம்மா தொடையில் கிள்ளினாள். அண்ணனும் தம்பியும் கொஞ்சமும் கூசாமல் பொய் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குப் புரிந்தது.