வெள்ளி நிற அம்மா

என் அம்மாவுக்கு வெள்ளி நிறம் என்றுதான் நான் நம்பியிருந்தேன். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனியில் அவள் சலித்தது அலுமினியப் பவுடர். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து காது மடல் முதல் கால் விரல் வரை மினுமினுவென்று இறங்குவாள். குளித்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போகலாம் என்பது வீட்டுச் சட்டம். அதற்குள் அவள் கையில் விரலால் கோடு இழுத்துவிட ஓடுவேன். "தொடாத, தள்ளிப் போ புள்ள!" என்று அலறுவாள். என் மேல் என்னமோ கோபம் என்று நினைத்துக்கொள்வேன்.

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு மத்தியானம் அம்மா பவுடர் சலிக்கிற அறை வெடித்தது. அம்மா பிழைத்தாள். அப்பா என்னை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கட்டிலில் வெள்ளைத் துணி சுற்றிய ஏதோ ஒன்று கிடந்தது. அதற்குக் கண் இருந்தது. அது என் பேரைச் சொன்னது. "இது எங்கம்மா இல்ல!" என்று வீறிட்டேன். அதோடு என் பேச்சு நின்றுபோயிற்று. கொசுவலை, தலையணை உறை, வெள்ளையாக எது அசைந்தாலும் ஓடி ஒளிந்துகொள்வேன். அம்மாவோ சோறு இறங்காமல், பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க என்றே கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு அக்கா வந்தார், பை நிறையப் பொம்மைகளும் ஒரு தட்டு மணலுமாக. விபத்து நடந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடுவதுதான் அவருக்கு வேலை. இப்படியும் ஒரு உத்தியோகம்! அப்பாவுக்கு எரிச்சல்.

"பேச வைப்பீகன்னு பாத்தா, பொம்மையக் குடுக்கீகளே?"

"விளையாடட்டும்ணே. ஒண்ணும் கேக்காதீங்க," என்றார் அக்கா.

நான் ஒரு பொம்மைக்குத் தலை முதல் கால் வரை துணி சுற்றி, மணலில் புதைத்துவிட்டு, ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். மறுநாளும் அதே. அக்கா தடுக்கவில்லை; அவரும் கூடவே ஓடிவந்து ஒளிந்துகொண்டார். "எனக்கும் பயமா இருக்கு" என்றார். இம்புட்டுப் பெரிய பொம்பளைக்குப் பயமா! பாவமாக இருந்தது. அவருக்குத் தைரியம் சொல்லத்தான் ஒருநாள் பொம்மையைத் தோண்டி எடுத்தேன். துணியை அவிழ்த்து, மிட்டாய் சுற்றிவந்த வெள்ளித்தாளை அதன் கையில் ஒட்டி, மறுபடி சுற்றினேன்.

"உள்ள எங்கம்மா இருக்கு" என்றேன். அக்கா என் தலையைத் தடவினார்.

அந்த வாரமே மதுரைக்குப் போனோம். கட்டிலருகே போகாமல் வாசலிலேயே நின்றேன். அப்பாவின் சட்டையைப் பிடித்தபடியே போய், கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த கால் விரலைத் தொட்டேன். சூடாக இருந்தது.

"அழாதம்மா. கட்டு அவுத்ததும் பழையபடி வெள்ளியா ஆயிருவ."

அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்பா வெளியே போய்விட்டார். நல்லதைத்தானே சொன்னோம், எதற்கு இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அன்று தீப்பிடித்ததே அந்த வெள்ளிதான் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.